வாசகர் கேள்வி: ஸ்மோக்துனோவ்ஸ்கி எங்கே நடிப்புக் கற்றார்?

கேள்வி: 1964-இல் வந்த ரஷ்ய ‘ஹாம்லெட்’ படத்தின் நாயகன் ஸ்மோக்துனோவ்ஸ்கி எந்த நாடகப் பள்ளியில் படித்தவர்?

பதில்: பெரிய பள்ளி எதிலும் இல்லை. 1925-இல் சைபீரியக் கிராமம் ஒன்றில் பிறந்து, கிராஸ்நோயார்ஸ்கில் வளர்ந்தவர். 1943-இல் படைக்குப் போனார். இரண்டாம் உலகப் போரின் கூர்ஸ்க் சண்டையில் இருந்தார். கீவ் அருகே ஜெர்மானியரிடம் பிடிபட்டுத் தப்பியவரை ஓர் உக்ரைன் குடும்பம் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. எவ்வளவு பெரிய மனசு!

1946-இல் கிராஸ்நோயார்ஸ்க் அரங்கின் பயிற்சிக்கூடத்தில் கொஞ்ச காலம், அவ்வளவுதான். போர்க்கைதியாக இருந்தவர்களை அரசு சந்தேகித்த நாட்கள் அவை. அதனால் துருவ வட்டத்துக்கு அப்பாலுள்ள நோரில்ஸ்க் அரங்குக்குப் போய்ச் சேர்ந்தார். மேடைதான் அவருக்குக் கல்லூரி. 1957-இல் லெனின்கிராடில் தஸ்தயேவ்ஸ்கியின் ‘அசடன்’ நாவல் நாடகமானபோது, தோவ்ஸ்தனோகவ் இயக்கத்தில் கதைநாயகன் இளவரசர் மீஷ்கினாக நடித்தார். அதன் பிறகுதான் நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது.