கப்பல் சுற்றுலா முடிந்து வந்தபின் எதிலும் மனம் ஒட்டவில்லை, என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் மூன்று விஷயம் எழுதியிருக்கிறார். கப்பலால் இறங்கிச் சில நாளாகியும் தரை ஆடுகிற மாதிரி இருக்கிறது. வேலைக்குப் போனால் உட்கார முடியவில்லை, வீட்டிலும் ஒன்றிலும் பிடிப்பில்லை. அடுத்த கப்பலுக்கு இப்போதே பதிவு செய்தால் மனம் தெளியுமா என்றும் கேட்கிறார்.

நான் திருகோணமலையில் இருக்கிறேன். போன ஓகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பமாகச் சிங்கப்பூரில் கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்பினோம். தரை ஆடியதும் உண்மை, மனம் ஒட்டாமல் கிடந்ததும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் ஒன்றுதான் என்று தோன்றும். காரணம் வேறு வேறு.

உடம்பு ஆடுவதற்குப் பயப்படாதீர்கள். கப்பலின் அசைவை எதிர்பார்த்து உடம்பைச் சமநிலையில் வைக்க மூளை பழகிவிடுகிறது. கரைக்கு வந்த பிறகும் கொஞ்ச நாளைக்கு அந்தப் பழக்கத்தை விடாது. குளிக்கும்போது கண்ணை மூடினால், குசினியில் அசையாமல் நின்றால் கூடத் தெரியும். பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகும்போது குறைந்துவிடும். சாதாரணத் தலைச்சுற்றில் இருந்து இதைப் பிரித்து அறிய அதுவே நல்ல அடையாளம். எங்கள் ஒழுங்கையில் பலநாள் கலத்தில் தொழிலுக்குப் போகிற அண்ணர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னபோது, "படி இறங்கேக்க மட்டும் கவனம் தங்கச்சி" என்றுவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அது கதைக்கிற விஷயமே இல்லை. பெரும்பாலான ஆக்களுக்கு ஓரிரு நாளில், மிஞ்சினால் சில நாளில் நின்றுவிடும். ஆட்டம் தெளியும்வரை மோட்டார் சைக்கிள் ஓடவேண்டாம். ஒரு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள், கப்பலில் போய் வந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். நடுத்தர வயதுப் பெண்களிடம் இது நீண்டு நிற்பது கூடுதல், அதனால் வீட்டுக்காரர் "மனப்பிரமை" என்று சொன்னால் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

மனத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும்.

எங்கள் குடும்பம் இந்தப் பக்கத்து முக்கால்வாசிக் குடும்பங்கள் மாதிரித்தான். அக்கா லண்டனில், அண்ணா ரொறன்ரோவில், அம்மாவும் நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் இங்கே. அவர்கள் ஊருக்கு வந்தால் கோயில், சொந்தக்காரர் வீடு, காணி உறுதி அலுவல், யாருடையவோ கலியாணம் என்று வந்த நாள் முழுக்க ஓட்டம். வீட்டில் எந்த நேரமும் ஒருவர் குசினியில் நிற்கவேண்டும், அது நானாக இருக்கும், இல்லாவிட்டால் அக்காவாக இருக்கும். நாங்கள் அங்கே போவதென்றால் விசா, பிறகு அண்ணா வேலைக்கு லீவு போட்டு எல்லோரையும் காரில் ஏற்றி இறக்கவேண்டும். இரண்டு விதத்திலும் ஒருவர் விருந்தாளி, மற்றவர் வீட்டுக்காரர். கப்பலில் அந்த வித்தியாசம் இல்லை. இலங்கை, இங்கிலாந்து, கனடா மூன்றிலும் ஓகஸ்டில் பள்ளிக்கூட விடுமுறை வருவதும் வசதியாகப் போயிற்று.

அக்கா கையில் கரண்டி இல்லாமல் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததை நான் அதுவரை கண்டதில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எங்களுக்கு ஒரே மேசை, ஒரே நேரம். கப்பலில் இணையத்துக்குத் தனிக் காசு என்பதால் பிள்ளைகளின் போன்கள் அறையிலேயே கிடந்தன. 1964 டிசம்பர்ப் புயலில் வீட்டு ஓடு பறந்த கதையை அம்மா தொடங்கினார். எங்களுக்கு அது பாடமான கதை. அண்ணாவின் மகளோ அதை அன்றுதான் முதலாவதாகக் கேட்டாள். தமிழும் ஆங்கிலமும் கலந்து கேள்வி கேட்டுக் கேட்டு, தட்டுகளை எடுத்த பிறகும் எங்களை எழும்பவிடவில்லை. பினாங்கில் குயின் வீதி மாரியம்மன் கோயிலில் அம்மா கும்பிட்டுவிட்டு, 1833 இல் கட்டியது என்று அண்ணா சொன்னதைக் கேட்டு, "அப்ப இஞ்சையும் எங்கட ஆக்கள் முந்தியே வந்திட்டினம்" என்றார். புக்கெட்டில் கப்பல் கரைக்குப் போகாமல் வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் இறக்கினார்கள். மூதூர் லோஞ்சில் ஏறுகிற மாதிரி ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு அம்மா அநாயாசமாக இறங்கினார். பின்னால் நின்ற வெள்ளைக்காரர் கை தட்டினார்கள்.

அப்புறம் அந்தக் கடைசி இரவு. பெட்டிகளில் நிற அட்டை கட்டி, நடு இரவுக்கு முதல் அறை வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுக்கிற உடுப்பு, மருந்து, கடவுச்சீட்டு இவ்வளவும் கைப்பையில். மற்றதெல்லாம் வெளியே. நீட்டுக்குப் போகிற நடைபாதையில் கதவுக்குக் கதவு பெட்டிகள் நின்றன. விமானம் முந்துகிற ஆக்களை முந்தி இறக்குவதற்காகத்தான் அந்த நிறங்கள். அண்ணாவுக்கு ஒரு நிறம், அக்காவுக்கு ஒரு நிறம், எங்களுக்கு வேறொன்று. பக்கத்துப் பக்கத்து வாசல்களில் எங்கள் பெட்டிகள் வேறு வேறு நிறத்தில் நின்றதை அம்மா கனநேரம் பார்த்தார். "ஒண்டா இறங்க ஏலாதோ?" என்று அண்ணாவைக் கேட்டார். அவர் கீழே கருமபீடத்துக்குப் போய்க் கேட்டு, எல்லோருக்கும் ஒரே நிற அட்டை வாங்கி வந்தார். கேட்டால் மாற்றித் தருகிறார்கள், இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

இதை எல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், வீட்டுக்கு வந்து நான் ஏங்கியது எதற்காக என்று யோசித்தபோது இவைதான் நினைவுக்கு வந்தன. நீச்சல் குளமோ இரவு நிகழ்ச்சியோ வரவில்லை. நீங்களும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: எந்த நேரம், எந்த இடம், யார் பக்கத்தில் இருந்தது. உங்களுக்கு என்ன குறைகிறது என்று அதில் தெரியும். சிலருக்கு அது ஆக்களின் துணை. சிலருக்கு "இன்றைக்கு என்ன சமைக்கிறது" என்று யோசிக்காத நிம்மதி. சிலருக்குக் கணவனோ மனைவியோ அவசரமில்லாமல் கதைத்தது. மருந்து அதற்கேற்றபடி மாறும்.

சமைக்காத நிம்மதிதான் குறைகிறது என்றால் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் மேசைக்குப் பரிமாறியவர் நீர்கொழும்புப் பெடியன். அம்மாவோடு தமிழில் கதைப்பதற்காகவே ஒரு சுற்றுக் கூட வருவார். ஒப்பந்தம் எட்டு மாதம், அதில் முழுதாக லீவு என்று ஒரு நாளும் இல்லை என்றார். கப்பல் தொழிலாளருக்கு ஒரு நாளில் ஆகக்குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்று 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. அந்த 10 மணியையும் இரண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். நாங்கள் காலமை இறங்க, அதே கட்டில்களுக்கு விரிப்பு மாற்றி, பின்னேரமே அடுத்த ஆக்களை ஏற்றிவிடுவார்கள். "உங்கட அம்மா உங்களை எப்ப கடைசியா கண்டவ?" என்று என் அம்மா கேட்டதற்கு அவர் விரல் விட்டு எண்ணினார். அந்தப் பெடியனை நினைக்கும்போது, என் வீட்டில் என் கட்டிலை நானே விரிப்பதை எனக்கு ஒரு குறையாகச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வீட்டில் எப்போதும் நீங்கள் ஒருவரே விரிக்கிறீர்கள் என்றால், அதைப் பிள்ளைகளோடும் வீட்டுக்காரரோடும் பிரித்துக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் வந்த கிழமையே அதைச் செய்தேன். இரவுச் சாமான் கழுவுவது இப்போது மகன்.

திரும்பி வருகிற வழியையும் கொஞ்சம் கவனியுங்கள். எங்களுக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினால் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஆறு மணித்தியாலம் வாகனத்தில் இருக்கவேண்டும். ஹபரணை தாண்டினால் பொழுதுபட யானை நிற்கும், அதனால் பகலில் வருவதுதான் நல்லது. இவ்வளவு அலைந்துவிட்டு மறுநாளே வேலைக்குப் போகாதீர்கள். லீவில் ஒரு நாளைக் கட்டாயம் வீட்டுக்கென்று ஒதுக்கவேண்டும். அன்றைக்குச் செய்யவேண்டியது பெட்டியை வெறுமையாக்கி உடுப்புத் தோய்ப்பது ஒன்றுதான். பாதி திறந்த பெட்டி மூலையில் கிடந்தால் மனமும் பாதி வழியில்தான் கிடக்கும். படங்களை ஒரு கிழமை கழித்துப் பார்க்கலாம். சாப்பாட்டைச் சாதாரணமாக்குங்கள். இடியப்பம், சொதி, சம்பல் வயிற்றுக்குப் போனதும் எனக்கு நித்திரையே திரும்பிவிட்டது. கப்பலில் இரவு முழுக்கக் கேட்ட இரைச்சல் இல்லாமல் முதல் இரவு கண் மூடவே இல்லை. மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி விட்டேன், சரிவந்தது.

இனி, ஆக்களின் துணை குறைகிறவர்களுக்கு. நாங்கள் அந்த மேசையை விடவில்லை. ஞாயிறு இரவு எங்களுக்கு எட்டு மணி என்றால் கோடையில் லண்டனில் பின்னேரம் மூன்றரை, ரொறன்ரோவில் காலமை பத்தரை. எங்களுக்கு இராச்சாப்பாடு, அக்காவுக்குத் தேத்தண்ணி, அண்ணாவுக்குப் பிந்திய காலைச் சாப்பாடு. போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு அவரவர் சாப்பிடுவோம். முந்தியும் கிழமைக்கு ஒருதடவை போன் எடுத்தோம்தான். ஆனால் அது செய்தி சொல்லுகிற அழைப்பு: யாருக்குச் சுகமில்லை, யாருக்குக் கலியாணம், காசு வந்ததா. செய்தி முடிந்ததும் வைத்துவிடுவோம். சாப்பிட்டுக்கொண்டு இருந்தால் சும்மா இருக்கலாம், இடையில் ஒன்றும் கதைக்காமலும் இருக்கலாம். அண்ணாவின் மகள் தோசை சுட்டுக்கொண்டு அம்மாவிடம் மா ஏன் புளிக்கவில்லை என்று கேட்பாள். எனக்கு மனம் ஒட்டத் தொடங்கியது இதிலிருந்துதான், வேறு ஒன்றிலிருந்தும் இல்லை. உங்களோடு வந்தவர்கள் உள்ளூரில்தான் இருக்கிறார்கள் என்றால் இன்னும் சுகம். வாரத்தில் ஒரு நேரத்தைக் கட்டிவிடுங்கள், "வசதிப்பட்டால்" என்று விடாதீர்கள். வசதி ஒருநாளும் படாது.

இன்னொன்றும் செய்தோம், அது பிள்ளைகளுக்காக. 2023 ஜூனில் சென்னையில் இருந்து எம்ப்ரஸ் என்ற பயணக் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வரத் தொடங்கியது. அந்தப் பயணிகளுக்கு எங்கள் ஊர் ஒரு நாள் துறைமுகம். ஒரு நாளில் அவர்கள் பார்க்கிறதை நாங்கள் வருடக்கணக்கில் பார்ப்பதில்லை. ஆகவே செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, கப்பலால் இறங்கிய ஆக்களாக வெளிக்கிட்டோம். விடியக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் குளித்தோம். ஒன்று இளஞ்சூடு, மற்றது கொதிப்பு என்று மகன் வாளியோடு ஓடி ஓடி ஒப்பிட்டான். அப்பா இறந்த முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அங்கு வந்ததைப் பற்றி அம்மா கதைத்தார். பிறகு நிலாவெளியில் படகு பிடித்துப் புறாத்தீவு. 2003 இல் தேசியப் பூங்காவாக்கிய இடம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், ஆனால் கரையோரத் தண்ணிக்குள் குட்டிச் சுறா ஓடுவதை அவர்கள் அன்றுதான் கண்டார்கள். பின்னேரம் பிரட்றிக் கோட்டை வாசலால் ஏறி, மான்களுக்கு வழிவிட்டு, கோணேசர் கோயில் பூசைக்குப் போய்ச் சேர்ந்தோம். செலவு படகுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் பெற்றோலுக்கும் மட்டும்தான். வடகீழ்ப் பருவம் தொடங்கினால் கடல் கொந்தளித்துப் படகு போகாது, ஆகவே இதைச் செய்வதென்றால் தள்ளிப்போட வேண்டாம்.

இவ்வளவு செய்தும், கிழமைகள் போயும், நித்திரை வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக நெஞ்சு அடைக்கிறது என்றால் அது கப்பலால் வந்ததாக இருக்காது. முந்தியே இருந்த பாரம் விடுமுறையில் கொஞ்சம் இறங்கி, இப்போது திரும்ப ஏறியிருக்கும். அப்போது வெட்கப்படாமல் வைத்தியரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ கதையுங்கள்.

அடுத்த கப்பலுக்கு இப்போதே பதிவா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பது என் எண்ணம். ஏங்கிக்கொண்டு இருக்கிற நேரத்தில் பார்க்கிற விலை எல்லாம் மலிவாகவே தெரியும், வருகிற ஆக்கள் யார் என்றும் தெரியாமல் அறை பிடித்துவிடுவோம். முதலில் இந்தப் பயணத்தின் கணக்கை முடியுங்கள். கப்பலில் அட்டையில் போட்ட சில்லறைச் செலவு, சேவைக் கட்டணம், வெளிநாட்டு நாணய மாற்று என்று வங்கிக் கூற்றில் சில நாள் பிந்தித்தான் வந்து விழும். ஏறும்போது பிணையாகப் பிடித்து வைத்த தொகை விடுபடவும் நாள் எடுக்கும். இறங்கிய அன்று கப்பலில் தந்த கணக்குச் சீட்டை எறியாமல் வைத்து, அந்தக் கூற்றோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். எங்களுக்கு ஒரு சாப்பாட்டுச் சீட்டு இரண்டு தரம் ஏறியிருந்தது. மின்னஞ்சல் போட்டதும் திருப்பித் தந்தார்கள்.