ஜன்னலோரம் யாருக்கு?

கேள்வி: தை மாதக் கடைசியில் குடும்பத்தோடு தரங்கம்பாடி போகலாம் என்றிருக்கிறோம். மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து பஸ். ஜன்னலோர சீட் யாருக்கு என்று மகனும் மகளும் இப்போதே சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். தரங்கம்பாடியில் பார்க்க என்னென்ன இருக்கிறது, தங்க வேண்டியிருக்குமா, சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: கோட்டை இருக்கிறது, கடல் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த ஜன்னலோரச் சண்டையைப் பேசி முடிப்போம். உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம் அதுதான்.

பிள்ளைகள் அடம்பிடிப்பதில் முழு நியாயம் இருக்கிறது. ரயில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போன கையை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? இரும்பு வாசனை. சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாயங்காலம் வரை போகாது. ஷட்டரைத் தூக்க வேண்டுமானால் இரண்டு பக்கத்துக் கொக்கியையும் ஒரே நேரத்தில் விரலால் நசுக்க வேண்டும். எட்டு வயசுக் கைக்கு அந்த வலு போதாது. எதிர் சீட்டுப் பெரியவர் “இரு தம்பி” என்று எழுந்து வந்து தூக்கிவிடுவார். நான் அந்த வயதில் முன்பின் தெரியாத மனிதர்களோடு பழகியது பெரும்பாலும் ஷட்டர் தூக்கத்தான். சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஏறியதும் சக்கரச் சத்தம் மாறும் பாருங்கள், அப்போது ஜன்னலோரம் இருப்பவனுக்குத்தான் ஆறு. மற்றவர்களுக்கு அடுத்தவர் முதுகு.

சரி, ஜன்னல். இந்தச் சொல்லை நான் எழுதும்போதெல்லாம் ஒரு அஞ்சலட்டை வந்துவிடும். பல வருஷமாக எழுதுகிற வாசகர், நல்ல மனிதர், தமிழ்மேல் உயிரையே வைத்திருப்பவர். தமிழ்ப் பத்திரிகையில் ஜன்னல் எதற்கு, சாளரம் என்று எழுதினால் என்ன என்பது அவர் வாதம். சென்ற பொங்கல் இதழுக்கும் வந்தது. அவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

ஜன்னல் போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். அவர்கள் மொழியில் ஜனேலா. அதைத் துரத்தலாம் என்றால் கூடவே எதெதெல்லாம் கிளம்பும் என்று ஒரு நாள் வீட்டில் சுற்றிப் பார்த்தேன். சாவி போகும். அலமாரி போகும், அதற்குள் மடித்து வைத்த துவாலையும் போகும். மேசை போகும், அதன்மேல் இருக்கிற பேனாவும் போகும். சட்டையைக் கழற்றவும் முடியாது, பொத்தான் அவர்களுடையது. கொல்லைப்பக்கம் போனால் கொய்யா மரம் நிற்கிறது, அதுவும் அவர்கள் கொண்டுவந்த பெயர்தான். வீட்டையே இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்றால் மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும், அவரும் அந்த ஊர்ச் சொல். விட்டதே தொல்லை என்று எல்லாவற்றையும் ஏலத்தில் போட்டுவிடலாம் என்றால், ஏலமும் போர்த்துகீசியம்! இத்தனை வருஷம் நம் வீட்டுச் சோறு தின்று வளர்ந்த சொற்களை வாசலில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் போகிற ஊருக்கும் இந்தப் போர்த்துகீசியத்துக்கும் சம்பந்தம் உண்டு. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் ஊர். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டினார்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஆனால் அங்கே ஐரோப்பியரும் உள்ளூர்க்காரர்களும் பேசிக்கொள்ளப் பெரிதும் உதவியது போர்த்துகீசியம்தான். 1706 ஜூலையில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, தமிழோடு போர்த்துகீசியமும் கற்க வேண்டியிருந்தது. தமிழை எப்படிக் கற்றார் தெரியுமா? திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைத் தன் இருப்பிடத்துக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி. எட்டே வருஷத்தில் தமிழ் அச்சுவேலை நடந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்றே அந்த இடத்துக்குப் பேர் நின்றுவிட்டது. கடுதாசியும் போர்த்துகீசியம் வழியாக வந்ததுதான்.

இனி அஞ்சலட்டை நண்பருக்கு நான் விட்டுக்கொடுக்கிற இடம். ஜன்னலை விரட்ட வேண்டாம், ஆனால் இன்னொரு சொல்லைத் திரும்பக் கூட்டிவர வேண்டும். அது சாளரம் இல்லை, காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. தரங்கம்பாடிக்கு வடக்கே பக்கத்திலேயே இருக்கிற பூம்புகாரின் மாளிகைகளைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் ‘மான்கண் காலதர்’ என்கிறது. மானின் கண்போலத் துளை வைத்த ஜன்னல். இப்போது டேனிஷ்காரர்களைக் கேளுங்கள். ஜன்னலுக்கு அவர்கள் சொல் விண்டுவ. அவர்களுடைய பாட்டன் மொழியில் அது விண்ட்-அவுகா, காற்றின் கண். ஆங்கிலத்து விண்டோவும் அதே வயிற்றில் பிறந்ததுதான். பனி கொட்டுகிற வட கடல் ஓரத்தில் ஒருவன் சுவரில் ஓட்டை போட்டு அதற்குக் காற்று, கண் என்று இரண்டையும் சேர்த்துப் பெயர் வைக்கிறான். வெயில் கொளுத்துகிற காவிரிக் கழிமுகத்தில் இன்னொருவனும் காற்றையும் கண்ணையும் சேர்த்தே சொல்கிறான். ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன்.

காற்று, கண். இரண்டும் இருந்தால்தான் ஜன்னல். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். சென்ற மாதம் ஒரு குளிர்சாதனப் பஸ்ஸில் போனேன். கண்ணாடி திறக்காது, காற்று போச்சு. கண்ணாடிமேல் பொடிப்பொடிப் புள்ளியாய் விளம்பரப் படம் ஒட்டியிருந்தார்கள், கண்ணும் போச்சு. ஒரு பல்பொடி விளம்பரத்துப் பற்களின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர் வந்தது என்றே தெரியாமல் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கினேன். டிக்கெட்டில் ‘ஜன்னலோரம்’ என்று போட்டுக் காசு வாங்கியிருந்தார்கள். அது மோசடி என்றே சொல்வேன்.

என் பாட்டி வீட்டு ஜன்னலுக்கு நாலு கதவு. மேலே இரண்டு, கீழே இரண்டு. பகலில் கீழ்க் கதவைச் சாத்தி மேல் கதவைத் திறந்து வைப்பார்கள். வெளிச்சமும் காற்றும் வரும், தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே பாய் விரித்துப் படுத்திருப்பது தெரியாது. சாயங்காலம் நாலும் திறக்கும். அந்தத் திண்டில் சீப்பு, பாதி கட்டிய பூச்சரம், எலுமிச்சங்காய் ஜாடி, என் கோலிக்குண்டு எல்லாம் இருந்தன. இப்போது கட்டுகிற அடுக்குமாடி வீடுகளில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஏசி மெஷினின் முதுகு. அதனால் திறப்பதே இல்லை.

ஆகவே, அம்மா, தீர்ப்பு இதுதான். ரயிலில் போகும்போது மகள் ஜன்னலோரம், திரும்பும்போது மகன். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். மயிலாடுதுறையிலிருந்து சாதாரண பஸ்ஸில் ஏறுங்கள். முன்பு அந்த வழியில் மீட்டர் கேஜ் ரயிலே ஓடியது, 1980களில் நிறுத்திவிட்டார்கள். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று வண்டி போகும். தை கடைசியில் சம்பா அறுப்பு நடக்கும், வைக்கோல் வாசனை ஜன்னல் வழியாக மடியில் வந்து விழும். பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னல் கிடைக்கும்படி முன்னும் பின்னுமாக உட்காருங்கள். நீங்களும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், அம்மாக்களுக்குத்தான் எப்போதும் நடு சீட் வாய்க்கிறது.

அந்த ஊரில் யாராவது ‘பாடும் அலைகளின் ஊர்’ என்று பெயருக்குப் பொருள் சொன்னால் பிள்ளைகளிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள். தரங்கம் அலைதான், ஆனால் பாடி என்றால் குடியிருப்பு. வாணியம்பாடி, காட்பாடி எல்லாவற்றிலும் இருப்பது அதே பாடி. 1792இல் கட்டிய நகர வாசல் வழியாக நுழைந்து நேரே கடலைப் பார்த்து நடங்கள். கோட்டையில் கடல் பக்கம் போய் இரண்டு பேரையும் சும்மா கொஞ்ச நேரம் காற்றில் நிற்க விடுங்கள். கடற்கரையில் மாசிலாமணி நாதர் கோயில், 1306இல் நிலம் கொடுத்த கல்வெட்டு உள்ளது. பழைய கோயிலில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

தங்குவதைக் கேட்டிருந்தீர்கள். ஒரு பகல் போதும். தங்கித்தான் தீர வேண்டும் என்றால், அறை காட்டும்போது மெத்தையை அமுக்கிப் பார்ப்பதற்கு முன்னால் ஜன்னலைத் தள்ளிப் பாருங்கள். திறந்தால் முன்பணம் கொடுங்கள்.