எண் இருக்கட்டும், டியூப் எத்தனை நாள் வருகிறது?

கேள்வி: நில அளவைப் பணியில் இருக்கிறேன். காலை ஒன்பது மணியிலிருந்து நான்கு மணி வரை வெயில்தான். எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீனைத் தினமும் காலையில் தவறாமல் பூசுகிறேன். 50 மில்லி டியூப் ஒன்று மூன்று மாதம் வருகிறது. ஆனாலும் மதியத்துக்குள் முகமும் கழுத்தும் கறுத்துவிடுகின்றன. அழகு நிலையத்தில் 100 எண் உள்ளதை வாங்கச் சொல்கிறார்கள். இரவில் பூச அவர்களே ஒரு வெள்ளை க்ரீமும் தருகிறார்கள். வாங்கலாமா? இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம். உங்கள் சிக்கல் எண்ணில் இல்லை; "மூன்று மாதம் வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் இருக்கிறது.

டியூப் மேல் எஸ்.பி.எஃப். என்று போட்டிருக்கும் எண், வெயிலில் தோல் சிவப்பதை அந்த க்ரீம் எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டுவது. உங்கள் 50-ஐ ஆய்வகத்தில் கண்டுபிடிக்கும்போது, தோலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 2 மில்லிகிராம் க்ரீம் தடவித்தான் சோதிக்கிறார்கள். முகம், காது, கழுத்து மூன்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 800 சதுர சென்டிமீட்டர். ஆக, ஒரு தடவைக்கு 1.6 கிராம் வேண்டும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை கோடு போல் பிதுக்கினால் முகத்துக்கும் காதுக்கும் ஆகும். கழுத்துக்குத் தனியாக இன்னொரு விரல். நீங்கள் பூசுவது நாளுக்கு அரை கிராமுக்குச் சற்றே மேல்தான். அளவு குறைந்தால் பாதுகாப்பும் கூடவே இறங்கும். மூன்றில் ஒரு பங்கு பூசிவிட்டு 50-இன் பலனை எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவு முக்கியமான அளவை டியூபில் தேடிப் பாருங்கள். எண் கட்டைவிரல் பெரிதுக்கு இருக்கும். "தாராளமாகப் பூசவும்" என்ற வரி பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். தாராளம் என்றால் எவ்வளவு? ஒரே பொருளை ஒரு நாடு மருந்து என்கிறது, இன்னொரு நாடு அழகுப் பொருள் என்கிறது. எண்ணுக்கு உச்சவரம்பு வைப்பதில்கூட ஒத்துப்போக முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே 50+ என்பதோடு நிறுத்தச் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 2011-இல் ஒரு முன்மொழிவு, 2019-இல் இன்னொரு முன்மொழிவு. 100 என்ற எண் மட்டும் கடையில் அப்படியே நிற்கிறது. இந்த இழுபறியில் ஏமாறுகிறவர் வாங்குகிறவர்தான்.

100 என்ன செய்யும்? சரியான அளவில் பூசினால், 30 எண் க்ரீம் தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் சுமார் 3 விழுக்காட்டை உள்ளே விடும். 50 எண் 2 விழுக்காட்டை, 100 எண் 1 விழுக்காட்டை. வித்தியாசம் அவ்வளவுதான். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இந்த எண் பெரும்பாலும், வெயிலில் உள்ள இரு வகைப் புற ஊதாக் கதிர்களில் யுவிபி என்பதை வைத்துக் கணிப்பது. வெயிலில் நின்ற சில மணி நேரத்துக்குள் தோல் கறுப்பது இன்னொரு வகையான யுவிஏ கதிராலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியாலும். ஆகவே டியூபில் யுவிஏ தடுப்பைக் காட்டும் பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறிகள் இருக்கின்றனவா, அல்லது வட்டத்துக்குள் யுவிஏ என்று இருக்கிறதா என்று பாருங்கள். கன்னம் இரண்டிலும் ஒரே மாதிரி மங்கு படர்ந்திருந்தால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் உள்ள வகையை எடுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சாயல் இல்லாத வெள்ளை சன்ஸ்கிரீன்கள் அவ்வளவாகத் தடுப்பதில்லை.

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு 20 நிமிடம் முன்னால் பூசுங்கள். பாதியை முதலில் தடவி, காய்ந்ததும் மீதியை அதன்மேல் தடவினால் விட்டுப்போன இடம் குறையும். காது மடல், பிடரி, முடி தொடங்கும் ஓரம் ஆகியவைதான் எல்லோரும் விடும் இடங்கள். மாய்ஸ்சரைசரோடு குழைத்துப் பூசாதீர்கள், படலம் திட்டுத் திட்டாகிவிடும். வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வேர்வையையும் தூசியையும் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பூசுங்கள். தேய்த்தால் இருப்பதும் போய்விடும்.

இப்படி நாளுக்கு நான்கு முறை என்றால் 50 மில்லி எட்டு நாளில் தீர்ந்துவிடும். கட்டுப்படியாகாது என்பது புரிகிறது. துணி மூடக்கூடிய இடத்தைத் துணியிடம் விட்டுவிடுங்கள். சுற்றிலும் ஏழரை சென்டிமீட்டர் விளிம்பு உள்ள தொப்பி, பிடரியை மூடும் துணி, முழுக்கை, காலர் சட்டை இவை போதும். முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பி காதையும் கழுத்தையும் காக்காது. சட்டைத் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் கதிரும் நுழையும். மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்தால் இன்னும் மோசம். இதன்பின் க்ரீம் முகத்துக்கு மட்டும்தான். டியூபை வண்டியில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள். தண்ணீராகப் பிரிந்து வந்தால் தூக்கி எறியுங்கள்.

அந்த வெள்ளை க்ரீமுக்கு வருகிறேன். பெரிய டப்பாவிலிருந்து சிறு டப்பாவுக்கு மாற்றி, பெயரும் சேர்மானமும் இல்லாமல் கையில் கொடுக்கும் எதையும் முகத்தில் வைக்காதீர்கள். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனால் மகிழ வேண்டாம், ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், பரு வரும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரியும், நிறுத்தினால் எரிந்து சிவக்கும். அப்போது மறுபடி அதையே வாங்கப் போவீர்கள், வியாபாரமே அதுதான். இன்னொன்று பாதரசம். அது கலந்த அழகுப் பொருள்களை, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை விலக்கச் சொன்ன பிறகும் சந்தையில் கிடைக்கத்தான் செய்கின்றன. சேர்மானப் பட்டியலில் காலோமெல், மெர்குரஸ் குளோரைடு போன்ற பெயர்கள் இருந்தாலோ, "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்" என்று அச்சிட்டிருந்தாலோ அந்தக் கடை வாசலை மிதிக்காதீர்கள்.

மாத்திரை விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நான் சொன்ன அத்தனையும் சரியாகச் செய்தும் கறுப்பவர்களில் சிலருக்குக் காரணம் மருந்துதான். மாத்திரை அட்டையைத் திருப்பி, ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பல கூட்டு மாத்திரைகளில் இரண்டாவது பெயராக ஒளிந்திருக்கும். தோலை வெயிலுக்குக் கூச வைக்கும் மருந்து அது. நெடுங்காலம் எடுப்பவர்களுக்குச் சில வகைத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2018-இல் எச்சரித்தது. டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் தோலைக் கூச வைக்கும். மருந்தால் வரும் கூச்சத்தைப் பெரும்பாலும் தூண்டுவது யுவிஏ; சாதாரண ஜன்னல் கண்ணாடி அதை முழுதாக நிறுத்தாது. அதனால் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாலும் முழுக்கை தேவை. ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரத்த அழுத்தம் எகிறினால் அது தோல் கறுப்பதைவிடப் பெரிய ஆபத்து. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் "நாள் முழுக்க வெயிலில் நிற்கிறேன், இதற்கு மாற்று உண்டா?" என்று கேளுங்கள். அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.