ஃப்ரீசரில் பனி மலைபோல் சேர்கிறது, கத்தியால் பெயர்த்து எடுக்கலாமா?

முதலில் கத்தியைக் கீழே வையுங்கள். உங்களிடம் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றே வைத்துக்கொள்கிறேன். அதில் ஃப்ரீசர் பெட்டியின் சுவர்தான் குளிர்விக்கும் தகடு; குளிரூட்டும் கேஸ் ஓடும் பாதை அதிலேயே இருக்கிறது. ஒரு குத்து விழுந்தால் கேஸ் முழுவதும் போய்விடும். இப்போது பல ஃப்ரிட்ஜ்களில் வரும் ஆர்600ஏ என்ற கேஸ் எளிதில் தீப்பற்றக்கூடியது வேறு.

சென்னையில் கடலுக்குப் பக்கத்தில் எங்கள் வாடகை வீடு. பனியைக் கரைத்த சில நாட்களிலேயே மீன் டப்பா மறுபடியும் புதைந்துவிடும். வந்த மெக்கானிக் கதவை முழுதாகத் திறந்துகூடப் பார்க்காமல், கேஸ் ஏற்ற வேண்டும் என்று தொகையைச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! கேஸ் குறைந்தால் குளிர் குறையும்; பனியும் பெரும்பாலும் ஒரு மூலையில் மட்டுமே படியும். எங்களுடையதில் எல்லாச் சுவரிலும் சீராகப் படிந்திருந்தது. (எல்லா மெக்கானிக்குகளும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நேர்மையானவர்கள் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம்.)

பனிக்குக் காரணம் உள்ளே நுழையும் காற்றின் ஈரம். அது எங்கே நுழைகிறது என்று பார்க்க, இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். கீல் பக்கம், கீழ்மூலையில், நூல் கனத்தில் ஒரு வெளிச்சக் கோடு. அங்கே கதவு ரப்பர் விறைத்து உள்பக்கமாக மடிந்திருந்தது. மடிப்புக்குள் கறுப்பாகப் பூசணம். சோப்புத் தண்ணீரால் துடைத்து, வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்து, இளகியதும் இழுத்து நேராக்கினேன். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்படி முன்கால் திருகுகளையும் சற்று உயர்த்தினேன். அதோடு தொல்லை தீர்ந்தது. ரப்பர் கிழிந்திருந்தால் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது, மாற்றத்தான் வேண்டும்.

இருக்கும் பனியைக் கரைக்க, தெர்மோஸ்டாட் குமிழின் நடுவிலுள்ள டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தினால் போதும். அவசரமென்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, மடித்த துணியின் மேல் வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை ஃப்ரீசருக்குள் வையுங்கள். அரை சென்டிமீட்டர் கனம் வந்தாலே கரைத்துவிடுவது நல்லது. உப்புத் தூவச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், தகடு அரித்துவிடும். குழம்பு எதுவானாலும் ஆறியபின் மூடி வையுங்கள். உங்களுடையது பனியைத் தானே கரைத்துக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை என்றால், ரப்பர் நன்றாக இருந்தும் பனி சேர்ந்தால், ஹீட்டரோ சென்சாரோ பழுதாகியிருக்கலாம், தண்ணீர் வடியும் துளை அடைத்திருக்கலாம். அதற்கு மெக்கானிக்தான் வர வேண்டும்.

பனி கனத்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், மின்கட்டணம் ஏறும். அதைப் பேசினாலே எனக்கு வயிறு எரிகிறது. அரசு 100 யூனிட் இலவசம் என்கிறது; எங்கள் வீட்டு உரிமையாளரோ முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை போட்டு வசூலிக்கிறார். ரசீதைக் காட்டுங்கள் என்றால், இஷ்டமில்லையென்றால் காலி செய்யுங்கள் என்கிறார். இதைப் பற்றி யாராவது தனிக் கேள்வி கேளுங்கள், இதைவிட நீளமாகவே எழுதுகிறேன்.