மலைக்கள்ளனில் ஆரம்பியுங்கள்

வணக்கம் அண்ணா,

பொங்கல் லீவுக்கு அக்கா பிள்ளைகள் வருகிறார்கள். பெரியவனுக்குப் பதிமூன்று, சின்னவளுக்கு எட்டு. ஒரு நாள் முழுக்க வீட்டில் பழைய சாகசப் படங்களாகப் போடலாம் என்றிருக்கிறேன். இண்டியானா ஜோன்ஸ் வரிசையை மொத்தமாக ஓட்டிவிடலாமா? அம்மாயியும் கூட உட்காரும். அதற்கு இங்கிலீஷ் தெரியாது.

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

மொத்தமாக வேண்டாம். அதே தொப்பி, அதே சாட்டை என்று ஓடினால் மூன்றாவது படத்தில் பிள்ளைகள் செல்போனை எடுத்துவிடுவார்கள். மூன்று படம் போதும். மூன்றும் வேறு வேறு உலகமாக இருக்கட்டும்.

காலையில் மலைக்கள்ளன். அம்மாயிக்காக மட்டும் சொல்லவில்லை, பல்ப் சாகசக் கதைகளின் ருசி அதிலும் இருக்கிறது. அமெரிக்காவில் மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சான மலிவுக் கதைப் பத்திரிகைகளைத்தான் பல்ப் என்றார்கள். 1912-ல் டார்ஜானும் 1919-ல் ஜோரோவும் அப்படிப்பட்ட பத்திரிகையில்தான் பிறந்தார்கள். ஊருக்குச் சாதுவான பணக்கார வீட்டுப் பிள்ளை, முகமூடி போட்டால் ஏழைகளின் காவலன்: ஜோரோவின் ருசியே அந்த இரட்டை வேஷத்தில் இருக்கிறது. ஊருக்குள் வியாபாரி அப்துல் ரஹீம், மலையில் கள்ளன் என்று எம்.ஜி.ஆர் வரும்போது அதே ருசி நமக்குக் கிடைக்கிறது. கதை மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞருடையது. 1954-ல் படமாக்கியவர் கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு. மறுவருஷமே திலீப் குமாரை வைத்து ஆசாத் என்று இந்தியிலும் எடுத்தார். இது நம்ம ஊர்ச் சரக்கு என்பதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கண் சொருகும். அப்போது 1963-ல் வந்த ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ், கிரேக்கப் புராணக் கதைப் படம். கடைசியில் ஏழு எலும்புக்கூடுகள் மண்ணிலிருந்து எழுந்து மூன்று பேரோடு வாள்சண்டை போடும். ரே ஹாரிஹாசன் பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடித்த அந்தச் சில நிமிடங்களுக்கு நாலரை மாதம் ஆயிற்று. கம்ப்யூட்டர் கிடையாது, கைதான். அந்தச் சண்டைக்கு மொழியும் வேண்டாம், அம்மாயி நிமிர்ந்து உட்கார்ந்துவிடும்.

சாயங்காலம் உங்கள் இண்டியானா ஜோன்ஸ், 1981-ல் வந்த முதல் படம் மட்டும். முடிவில் முகங்கள் உருகும் இடத்தில் சின்னவளின் கண்ணைப் பொத்திவிடுங்கள். 1984-ல் வந்த இரண்டாவது படத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். நம்மை விருந்தில் குரங்கு மூளை தின்பவர்களாகக் காட்டுகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. பெரியவனுக்கு இன்னும் இரண்டு வயது கூடட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே காட்டலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இடைவேளையைப் பற்றி. 1930, 40-களில் அமெரிக்கக் கொட்டகைகளில் வாராவாரம் ஒரு பாகமாகத் தொடர்படங்கள் ஓடின. நாயகன் வண்டியோடு பள்ளத்தில் பாய்வான், அதோடு அந்த வாரம் முடிந்தது. அந்தப் படங்களின் மேல் இருந்த ஆசையில்தான் ஜார்ஜ் லூகாஸ் இண்டியானா ஜோன்ஸை உருவாக்கினார். பொள்ளாச்சிப் பக்கம் நான் படம் பார்த்த டூரிங் டாக்கீஸில் ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்ற ஒவ்வொரு முறையும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். கத்தி கழுத்துக்கு வந்த நேரத்தில் விளக்கு எரியும். முறுக்கு தின்றுகொண்டே, மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து, தப்பிப்பானா மாட்டானா என்று சண்டை போடுவோம். படத்தில் பாதி எங்கள் வாயில்தான் ஓடியது.

அதனால் படம் முடிந்த பிறகு சாப்பாடு என்று வைக்காதீர்கள். இண்டியானா ஜோன்ஸைப் பாம்புகளோடு குழியில் அடைத்து மேலே கல்லை மூடுவார்கள் இல்லையா, அங்கே நிறுத்திவிட்டுக் காபி போடப் போங்கள். சின்னவள் கத்துவாள். கத்தட்டும். எப்படி வெளியே வருவார்கள் என்று ஆளுக்கொரு வழி சொல்லச் சொல்லுங்கள், அம்மாயியையும் கேளுங்கள். எல்லோரும் சொன்ன பிறகு மறுபடி போடுங்கள்.