கையைப் பிடித்துவிட்டால் விரல் வேகமாகுமா?

கேள்வி: வீடியோ கேம் போட்டிகளில் விளையாடுகிறேன். வலது மணிக்கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று என் பயிற்சியாளர் ஒரு தெரபி மையத்துக்கு அனுப்பினார். அரை மணி நேரம் கையைப் பிடித்துவிட்டு, மணிக்கட்டு எலும்புகளை அசைத்துவிட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் கணினியில் ரியாக்‌ஷன் டெஸ்ட் வைத்தார்கள். 285 மில்லி விநாடி 250 ஆகிவிட்டது. 12 முறை வர வேண்டும், மொத்தப் பணத்தையும் இப்போதே கட்டுங்கள் என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

திரையில் நிறம் மாறியதும் பட்டனை அழுத்த, நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவருக்கே 200 முதல் 250 மில்லி விநாடி ஆகும். இதில் கையின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். கை நரம்பில் செய்தி விநாடிக்கு 50, 60 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கழுத்திலிருந்து விரல் வரை ஒரு மீட்டர்கூட இல்லை. அந்தப் பயணம் 20 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். மிச்சத்தில் பெரும்பகுதி கண்ணிலும் மூளையிலும்தான் கழிகிறது. நரம்பை முடுக்கி 35 மில்லி விநாடியை மிச்சம் பிடித்தோம் என்றால், செய்தி கிளம்பும் முன்பே விரலுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்!

சரி, அந்த 35 எங்கிருந்து வந்தது? முதல் சுற்றில் எல்லோரும் தடுமாறுவார்கள், இரண்டாவது சுற்றில் கை பழகிவிடும். போதாததற்குக் கை சூடாகியிருக்கும். குளிர்ந்த கை உண்மையிலேயே மந்தமானது, ஆனால் அதற்கு வெந்நீர்ப் பாத்திரம் போதும். வெறும் ஐந்தாறு அழுத்தல்களின் சராசரி என்றால் அந்த எண்ணை நம்பவே வேண்டாம். சாதாரணத் திரை படத்தைப் புதுப்பிக்கவே ஏறக்குறைய 17 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது, ஒவ்வோர் அழுத்தலின் எண்ணும் அதனாலேயே முன்பின் ஆகலாம்.

இந்த வித்தையைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. அவர்கள் தொடாத இடது கைக்கும் முன்னும் பின்னும் அதே டெஸ்டை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் வேகமாகியிருந்தால் சிகிச்சைக்கு அதில் வேலையே இல்லை. வீட்டில் பார்க்க ஸ்கேல் போதும்: ஒருவர் தொங்கவிட்டுச் சொல்லாமல் விட, நீங்கள் இரு விரலால் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. விழுந்த பிறகு பிடித்தால் 0.2 விநாடி. முதல் ஐந்தைத் தள்ளிவிட்டு அடுத்த இருபதை எழுதிவையுங்கள்.

அனுப்பிவைத்த பயிற்சியாளருக்கு அதில் பங்கு உண்டா என்று நேராகவே கேளுங்கள். ஆள் அனுப்பினால் கமிஷன் என்பது இந்தத் தொழிலின் பழைய நோய். ஒரு மாத்திரையை விற்க ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். மானிட்டரில் நாலு எண்ணைக் காட்டிப் பணம் வாங்குபவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. முறையாகப் படித்த ஃபிசியோதெரபிஸ்ட்டுகளுக்கும் இதனால்தான் கெட்ட பெயர். வலியையும் இறுக்கத்தையும் குறைக்க அவர்கள் கை உதவும். விரல் தடையில்லாமல் அசையவும் உதவும். ஆனால் அசையத் தொடங்கும் நேரம் வேறு, அசைந்து முடிக்கும் நேரம் வேறு.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். நீங்கள் சொல்லும் ‘இறுக்கம்’ இரவில் விரல்கள் மரத்துப்போய் உங்களை எழுப்புகிறதா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று மரத்து, சுண்டு விரல் மட்டும் தப்பிக்கிறதா? எழுந்து கையை உதறினால் சரியாகிறதா? இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கட்டை மடித்து ஒரு நிமிடம் வையுங்கள். அதே விரல்கள் மரத்தால், மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கும் கார்ப்பல் டனல் பிரச்சினையாக இருக்கலாம். இதிலும் நரம்பின் தாமதம் பெரும்பாலும் சில மில்லி விநாடிதான். விளையாட்டு கெடுவது உணர்ச்சி மங்குவதால், பிடி நழுவுவதால். இதற்கு டாக்டரையும் நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனையையும் நாடுங்கள், பேக்கேஜை அல்ல. கட்டைவிரல் அடியில் இருக்கும் சதை மேடு வற்றியிருந்தால் தள்ளிப்போடாமல் கை அறுவை சிகிச்சை நிபுணரிடம் போய்விடுங்கள்.

சோதனைக்கு நாள் கிடைக்க நீங்கள் காத்துக்கிடக்க வேண்டியிருக்கும், அது வழக்கம்தான். அதுவரை, மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கும் பட்டையை இரவில் கட்டிக்கொண்டு தூங்குங்கள். அதற்கு 12 முறை யாரிடமும் போக வேண்டியதில்லை.