பாறுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தியாவின் காடும் உயிர்களும் அழிகின்றன என்று தொடர்ந்து எழுதுகிறீர்கள். 2006-இல் 1,411 ஆக இருந்த புலிகள் 2022 கணக்கெடுப்பில் 3,682. இது மீட்சி அல்லவா? வெளிநாட்டார் கிளப்பும் பீதிக்கு நாம் ஏன் துணைபோக வேண்டும்? நான் விவசாயி, மாடு வளர்ப்பவன்.

ர.

அன்புள்ள ர.,

புலிக் கணக்கு சரி. எனக்கும் மகிழ்ச்சியே. வெளிநாட்டுச் சதி பற்றிய பேச்சுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஆனால் மாடு வளர்ப்பவர் பாறுகளைப் பற்றி, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றி, ஒரு வரிகூடக் கேட்கவில்லையே! சில வாரங்களாக எனக்கு அவற்றின் நினைப்புதான்.

என் சிறுவயதில் மாடு செத்தால் தோலை உரித்துக்கொண்டு ஏரிக்கரைக்கு அப்பால் போட்டுவிடுவார்கள். எங்கிருந்தோ பாறுகள் வந்திறங்கும். மொட்டைக் கழுத்தை விலாவுக்குள் நுழைத்து இழுக்கும், இறக்கையால் ஒன்றையொன்று அடித்துச் சீறும். நாற்றம் ஊருக்குள் வருவதற்குள் எலும்புதான் மிஞ்சும். இன்று அங்கே தெருநாய்கள் திரிகின்றன. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் பொங்கல் உண்ண வந்த மஞ்சள்முகப் பாறுகளும் இப்போது வருவதில்லை.

இவற்றைக் கொன்றது துப்பாக்கி அல்ல. மாட்டின் வீக்கத்துக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி. அந்த மாடு இறந்து, அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஈரலிலும் இதயத்திலும் படிகிறது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை எப்படித் தாங்கும்? 1990-களின் தொடக்கத்திலிருந்து பதினைந்தே ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது.

2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். உடனே மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டோம். 2015-இல் குப்பியை 3 மில்லிக்குச் சுருக்க வேண்டியிருந்தது. அதே கேட்டைச் செய்யும் கீட்டோபுரோஃபெனையும் அசிக்ளோஃபெனாக்கையும் தடுக்க 2023 ஆனது. இந்த அலட்சியத்துக்குப் பெயர் மீட்சியா? புலியை எண்ணிப் பெருமைப்படும் நாட்டில், ஊரைச் சுத்தம் செய்த பறவை போனதை அதன் பக்கத்திலேயே வாழ்ந்த நாம் கவனிக்கவே இல்லை. நீங்களும்தான், ர. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைப் போன்றவர்களால்தான் அந்தப் பறவை திரும்பும் என்பதால் சொல்கிறேன்.

நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் கூடு கட்டுகின்றன. உங்கள் மாட்டுக்கு வீக்கமோ காய்ச்சலோ வந்தால், கால்நடை மருத்துவரிடம் மெலோக்சிகாம் போடச் சொல்லுங்கள். அது பாறுகளைக் கொல்வதில்லை என்று சோதித்தே கண்டிருக்கிறார்கள். வேறு வலிமருந்து போட்ட மாடு இறந்துபோனால் வெளியில் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். உங்கள் பால் சங்கத்திலும் இதைச் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.